புது போர் போடுமுன் பார்க்க வேண்டியவை

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் உள்ள தீர்த்தமலைச் சுற்று வட்டாரத்தில் தோட்டத்து வீடுகள் அதிகம். கிணறு அல்லது ஆழ்துளைக் கிணறு, அதில் ஒரு மோட்டார், மாடியில் ஒரு தொட்டி, அங்கிருந்து சமையலறைக்கும் குளியலறைக்கும் மாட்டுத் தொட்டிக்கும் குழாய் என்பதே பெரும்பாலான வீடுகளின் ஏற்பாடு. மாசி, பங்குனி மாதங்களில் "குழாயில் தண்ணீர் வேகமாக வரவில்லை" என்ற குறை எழுகிறது. உடனே போர் வற்றிவிட்டது என்று முடிவு கட்டி, நீரோட்டம் பார்ப்பவரையும் ரிக் வண்டியையும் தேடிச் செல்பவர்கள் பலர். நகையை அடகு வைத்துப் போடும் புதுத் துளையில் புகை மட்டுமே வருவதும் உண்டு.

நீர் வேகம் குறைவதற்குக் கிணறு மட்டுமே காரணம் அல்ல. வீட்டுக் குழாய், மின்சாரம், மோட்டாரும் அதன் குழாயும், கிணறு ஆகிய நான்கில் எதில் வேண்டுமானாலும் குறை இருக்கலாம். முதல் மூன்றைச் சரி செய்ய ஆகும் செலவு, புதுத் துளைக்கு ஆகும் செலவில் மிகச் சிறு பங்கே. நான்காவதாகிய கிணற்றிலேயே குறை இருந்தாலும், வீட்டுத் தேவைக்கு அந்த நீர் போதுமானதாக இருக்கலாம். எனவே செலவில்லாத சோதனைகளில் தொடங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்துக் கொண்டு போவதே அறிவுடைமை.

முதல் சோதனை

தொட்டி நிறைய நீர் இருக்கும்போது குழாயைத் திறந்து பார்க்க வேண்டும். அப்போதும் நீர் மெதுவாக வந்தால் குறை தொட்டிக்கும் குழாய்க்கும் இடையில்தான் இருக்கிறது. கிணற்றுக்கும் மோட்டாருக்கும் அதில் சம்பந்தமே இல்லை. தொட்டி நிறைந்திருக்கும்போது குழாயில் நன்றாக வந்து, தொட்டி நிறைய மட்டும் முன்னைவிட அதிக நேரம் பிடித்தால், குறை மோட்டார் பக்கமோ கிணற்றின் பக்கமோ இருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமலேயே மோட்டாரைக் கழற்றி மேலே எடுப்பவர்கள் உண்டு.

தொட்டிக்குக் கீழே

மாடித் தொட்டியிலிருந்து வரும் நீரின் அழுத்தம் தொட்டியின் உயரத்தைப் பொறுத்தது. தொட்டியின் நீர்மட்டம் குழாய் வாயிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் இருந்தால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் கிடைக்கும். 3 மீட்டர் உயரம் என்றால் 0.3 கிலோதான். தொட்டி பெரிதாக இருப்பதால் அழுத்தம் கூடாது. உயரம் ஒன்றுதான் கணக்கு. மாடி அறையின் கூரை மீதே தொட்டியை வைத்தால், அந்த அறையில் நீர் சீறி வரும் என்று எதிர்பார்க்க முடியாது. தொட்டியை இன்னும் ஐந்தாறு அடி உயர்த்திப் பலமான மேடை மேல் வைப்பதே அதற்கு வழி.

அடுத்தது குழாயின் அளவு. அதே அளவு நீர் பாதி விட்டமுள்ள குழாயில் செல்லும்போது, உராய்வினால் ஏற்படும் அழுத்த இழப்பு சுமார் 30 மடங்காகிறது. தொட்டியிலிருந்து இறங்கும் முதன்மைக் குழாயையே அரை அங்குலத்தில் போட்டுவிட்டு, அதிலிருந்து நான்கைந்து இடங்களுக்குக் கிளை பிரித்தால், ஒரு குழாயைத் திறந்தவுடன் மற்றொன்றில் நீர் குறைந்துவிடும். இறங்கு குழாய் 1 அங்குலத்துக்குக் குறையாமல் இருப்பது நல்லது. தேவையற்ற வளைவுகளையும் தவிர்க்க வேண்டும்.

பழைய இரும்புக் குழாயின் உட்புறம் துரு ஏறி, துவாரம் விரலளவாகச் சுருங்கிவிடும். கடின நீர் உள்ள இடங்களில் சுண்ணாம்புப் படிவும் சேரும். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே உப்புதான் குழாய் வாயிலும் ஷவர் துளைகளிலும் அடைத்துக் கொள்கிறது. இவற்றைக் கழற்றி வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ சில மணி நேரம் ஊற வைத்துத் தேய்த்தால் போதும். சலவை இயந்திரத்தின் நீர் வரும் வாயில் ஒரு சிறு சல்லடை உண்டு. அதையும் சுத்தம் செய்ய வேண்டும். பாதி மூடிய கேட்வால்வு, தொட்டியின் அடியில் சேர்ந்த சேறு ஆகியவையும் அடிக்கடி காணப்படும் காரணங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் நீர் விட்டு விட்டு வந்தால், குழாயில் காற்று அடைத்திருக்கலாம். குழாய் ஓரிடத்தில் மேடேறி மீண்டும் இறங்கினால், அந்த மேட்டில் காற்று தங்கிவிடும். தொட்டியை முழுவதும் காலி செய்து நிரப்பிய பின்னரே இந்தக் குறை பெரும்பாலும் தலை காட்டும். தொட்டியின் வெளிவாய்க்கு அருகே ஒரு காற்றுக் குழாயைப் பொருத்தி, அதன் நுனியைத் தொட்டியின் மேல்மட்டத்துக்கு மேலே உயர்த்தி விட்டால் காற்று வெளியேறிவிடும்.

அளந்து பார்த்தல்

தொட்டி நிறைய நேரமாகிறது என்றால், எவ்வளவு நேரம் என்று அளக்க வேண்டும். தொட்டியில் நீர் விழும் இடத்தில் 15 லிட்டர் வாளியைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்க்கலாம். 30 வினாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 30 லிட்டர், மணிக்கு 1800 லிட்டர். ஒரு நிமிடத்தில் நிறைந்தால் மணிக்கு 900 லிட்டர்.

மோட்டாரைப் போட்டவுடன் ஒருமுறையும், பத்து நிமிடம் கழித்து ஒருமுறையும், அரை மணி நேரம் கழித்து ஒருமுறையும் அளப்பது முக்கியம். முதலில் நன்றாக வந்து, போகப் போகக் குறைந்தால், கிணற்றில் நீர் ஊறும் வேகம் போதவில்லை என்று பொருள். தொடக்கம் முதலே ஒரே சீராகக் குறைவாக வந்தால், மோட்டார், குழாய், மின்சாரம் ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும்.

வீட்டு மின் இணைப்பில் ஓடும் மோட்டாராக இருந்தால் மின்மீட்டரும் நல்ல சாட்சி. மற்ற சாதனங்களை நிறுத்திவிட்டு, தொட்டி நிறையும் முன்பும் பின்பும் மீட்டரைக் குறித்துக் கொண்டால், ஒரு தொட்டி நீருக்கு எத்தனை யூனிட் ஆகிறது என்று தெரியும். சென்ற ஆண்டு ஒரு யூனிட்டில் நிறைந்த தொட்டி இப்போது இரண்டு யூனிட் கேட்டால், எங்கோ நீரோ சக்தியோ வீணாகிறது. கட்டணமில்லா விவசாய இணைப்பில் இந்தக் குறை வெளியே தெரியாமல் ஆண்டுக் கணக்கில் நீடித்துவிடும்.

தோட்டத்துக்கும் வீட்டுக்கும் ஒரே போர் என்றால், தோட்டத்துக்குப் போகும் வால்வு முழுவதும் மூடியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மேட்டில் உள்ள தொட்டிக்கு ஏறுவதைவிடப் பள்ளத்தில் உள்ள வயலுக்கு ஓடுவது நீருக்கு எளிது.

மின்சாரக் கோளாறுகள்

230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வோல்ட் வந்தால், மோட்டாரின் சுழற்று விசை சுமார் 60 சதவீதமாகக் குறைந்துவிடும். மோட்டார் அதிக ஆம்பியர் இழுத்துச் சூடேறும். மாலை நேரத்தில் மட்டும் நீர் குறைந்தால் இதுவே காரணமாக இருக்கலாம். மின்கம்பத்திலிருந்து போர் தொலைவில் இருந்து, மெல்லிய கேபிள் போட்டிருந்தாலும் வோல்டேஜ் வழியிலேயே குறையும். மோட்டார் ஓடும்போது வோல்டேஜ் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஓடாதபோது பார்ப்பதில் பயன் இல்லை.

மும்முனை மோட்டாரில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கம்பத்திலோ பெட்டியிலோ பழுது பார்த்த பிறகு பேஸ் மாறிவிட்டால், மோட்டார் தலைகீழாகச் சுற்றும். அப்போதும் நீர் வரும். ஆனால் வேகமே இருக்காது. நீர்மூழ்கி மோட்டார் ஆழத்தில் இருப்பதால் அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. லைன்மேன் வந்து போன மறுநாளே நீர் குறைந்திருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். மின்பணியாளரைக் கொண்டு மூன்று வயர்களில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினால் சரியாகிவிடும். ஒருமுனை மோட்டார் உறுமிக் கொண்டே சிரமப்பட்டுக் கிளம்பினால் கெப்பாசிட்டரைச் சோதிக்க வேண்டும்.

ஆம்பியர் மீட்டர் காட்டும் அளவும் உதவும். நீர் குறைந்து, ஆம்பியரும் வழக்கத்தைவிடக் குறைந்தால், மோட்டார் நீரின்றி ஓடுகிறது, அல்லது சல்லடை அடைத்திருக்கிறது, அல்லது மோட்டாருக்கும் பம்புக்கும் உள்ள இணைப்பு விட்டுப் போயிருக்கிறது. நீர் குறைந்து ஆம்பியர் கூடினால், மணல் சிக்கியிருக்கலாம், பேரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது வோல்டேஜ் போதவில்லை. மின் பெட்டியில் கை வைக்குமுன் மெயினை நிறுத்தி, பியூஸ் கட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக் கொள்வது உயிருக்குப் பாதுகாப்பு.

போருக்குள் இருக்கும் குழாயும் பம்பும்

மோட்டாரைப் போட்டதும் உடனே வந்து கொண்டிருந்த நீர், இப்போது ஒரு நிமிடம் கழித்து வந்தால், குழாயில் நிற்க வேண்டிய நீர் இறங்கிவிடுகிறது என்று பொருள். நீரைத் திரும்ப விடாமல் தடுக்கும் வால்வு பழுதாகியிருக்கலாம். அல்லது இறக்கியுள்ள குழாயில் மூட்டு விட்டிருக்கலாம். இதைக் காது கொண்டே கண்டறியலாம். மோட்டார் ஓடும்போது போரின் வாயில் உற்றுக் கேட்க வேண்டும். நீர் சிதறும் ஓசை கேட்டு, மோட்டாரை நிறுத்திய சில நிமிடங்களில் அதுவும் நின்றுவிட்டால், குழாயில் ஒழுகல் இருக்கிறது. நிறுத்திய பின்னும் நெடுநேரம் ஓசை தொடர்ந்தால், அது பாறை வெடிப்பிலிருந்து போருக்குள் விழும் ஊற்று நீர்.

குழாயும் வால்வும் சரியாக இருந்தும் நீர் ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாகக் குறைந்து வந்திருந்தால், மணலால் இம்பெல்லர் தேய்ந்திருக்கக் கூடும். வெள்ளை வாளியில் நீரைப் பிடித்து அசையாமல் வைத்தால், அடியில் மணல் படிகிறதா என்று தெரியும். மணல் புதிதாக வரத் தொடங்கியிருந்தால், கேசிங் குழாய் உடைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நீர்மூழ்கி மோட்டாரை மேலே எடுக்கும்போது மின் கேபிளைப் பிடித்து இழுக்கக் கூடாது. முக்காலியும் சங்கிலிக் கப்பியும் வைத்திருக்கும் பழக்கப்பட்ட ஆட்களைக் கொண்டே எடுக்க வேண்டும்.

திறந்த கிணற்றில்

மேலே வைத்த மோனோபிளாக் பம்ப் உறிஞ்சி எடுக்கும் ஆழத்துக்கு ஓர் எல்லை உண்டு. கணக்குப்படி அது சுமார் 33 அடி. நடைமுறையில் 20 முதல் 25 அடிக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. கோடையில் நீர்மட்டம் அதற்குக் கீழே போனால், எவ்வளவு பெரிய மோட்டார் வைத்தாலும் நீர் ஏறாது. பம்பைக் கிணற்றினுள் கீழ் மேடைக்கு இறக்கவோ, திறந்த கிணற்றுக்கான நீர்மூழ்கி மோட்டார் வைக்கவோ வேண்டும். உறிஞ்சு குழாயின் மூட்டில் காற்று புகுவதும், புட்வால்வில் குப்பை சிக்குவதும் நீரைக் குறைக்கும். மூட்டின் மேல் சோப்பு நுரையைத் தடவினால், காற்றுப் புகும் இடத்தில் நுரை உள்ளே இழுபடும். டீசல் எஞ்சினைக் கிணற்றினுள் இறக்கி ஓட்டுவது உயிருக்கே ஆபத்து. புகை கிணற்றுக்குள்ளேயே தங்கிவிடும்.

கிணற்றை அளத்தல்

மேலே சொன்னவை அனைத்தும் சரியாக இருந்தால் மட்டுமே கிணற்றின் மேல் குறை சொல்ல வேண்டும். தருமபுரி மாவட்டத்தின் பெரும் பகுதி சார்னோகைட், நைஸ் போன்ற கடினப் பாறையால் ஆனது. இந்தப் பாறைக்குள் நீர் ஊறி நிற்பதில்லை; மேலே மக்கிய பகுதியிலும், கீழே வெடிப்புகளிலும்தான் நீர் தங்குகிறது. தீர்த்தமலையில் பாறை இடுக்கு வழியே ராமதீர்த்தம் விழுவதைப் போலவே, போருக்குள்ளும் வெடிப்புகளின் வழியே நீர் வந்து சேர்கிறது. ஆண்டு மழை சராசரியாக ஆயிரம் மில்லிமீட்டருக்கும் குறைவாக உள்ள இப்பகுதியில், கோடையில் மேல் வெடிப்புகள் முதலில் வற்றும்.

நீர்மட்டத்தை அளக்க, நுனியில் சிறு எடை கட்டிய இரட்டை வயரும் சில பாட்டரிகளும் ஒரு சிறு பல்பும் போதும். தோல் சீவிய வயர் முனைகள் நீரைத் தொட்டதும் சுற்று பூர்த்தியாகும். பல்பு மங்கலாக இருந்தால், அதற்குப் பதிலாக மல்டிமீட்டரை இணைத்துப் பார்க்கலாம். மோட்டாரின் மெயினை நிறுத்திவிட்டே வயரை இறக்க வேண்டும். இரவு முழுவதும் இறைக்காமல் விட்டு, விடியற்காலையில் ஒரு முறையும், இறைத்து நிறுத்திய உடனே ஒரு முறையும், ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறையும் அளக்க வேண்டும்.

இங்கு ஒரு எளிய கணக்கை நினைவில் வைக்கலாம். ஆறரை அங்குல விட்டமுள்ள போரில் ஓர் அடி ஆழத்துக்குச் சுமார் ஆறரை லிட்டர் நீர் நிற்கும். நாலரை அங்குலப் போரில் சுமார் மூன்று லிட்டர். ஆறரை அங்குலப் போரில், இறைத்து நிறுத்திய பின் ஒரு மணி நேரத்தில் நீர் 60 அடி ஏறுகிறது என்று வைத்துக் கொள்வோம். அப்படியானால் மணிக்கு 390 லிட்டர் ஊறுகிறது.

இது மிகக் குறைவாகத் தோன்றும். ஒரு ஏக்கருக்கு ஓர் அங்குல உயரம் நீர் பாய்ச்ச ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வேண்டும். அந்த வேலைக்கு இந்தப் போர் உதவாது என்பது உண்மையே. ஆனால் வீட்டுக்கு எவ்வளவு வேண்டும்? 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கிடுகிறது. தாராளமாக 100 லிட்டர் என்றே கொண்டாலும் ஐந்து பேருக்கு 500 லிட்டர். மாடு ஒன்றுக்கு 70 லிட்டர் வீதம் மூன்று மாடுகளுக்கு 210 லிட்டர். ஆக 710 லிட்டர். மணிக்கு 390 லிட்டர் ஊறும் போரில், இடைவெளி விட்டு நான்கு முறை இறைத்தாலே 1500 லிட்டர் கிடைத்துவிடும். வற்றிவிட்டது என்று கைவிட இருந்த போர், தேவைக்கு இரு மடங்கு நீர் தருகிறது.

ஆகவே இத்தகைய இடங்களில் வேண்டியது புதுப் போர் அல்ல. இறைக்கும் முறையில் மாற்றம். நிமிடத்துக்கு 60 லிட்டர் இழுக்கும் மோட்டாரை நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் ஊறும் போரில் வைத்தால், சேர்ந்த நீரை இழுத்துவிட்டுக் காற்றையும் நீரையும் சேர்த்துக் கக்கும். நீர் பால் போல வெளுத்து வந்து, வாளியில் வைத்ததும் அடியிலிருந்து தெளிந்தால், மோட்டார் காற்றை இழுக்கிறது என்று அறியலாம். இப்படித் தொடர்ந்து ஓடினால் மோட்டார் எரிந்துவிடும். நீரின்றி ஓடும்போது தானே நிறுத்தும் கருவியைப் பொருத்த வேண்டும். வெளிவாய் வால்வை ஓரளவு மூடி இறைப்பைக் குறைக்கலாம். முழுவதும் மூடி ஓட்டக் கூடாது. டைமர் வைத்து, இருபது நிமிடம் ஓட்டி இரண்டு மணி நேரம் ஓய்வு கொடுக்கலாம். அடுத்த முறை மோட்டார் மாற்றும்போது, ஊறும் அளவுக்கு ஏற்ற சிறிய மோட்டாராக வாங்குவது நல்லது. தொட்டி சற்றுப் பெரிதாக இருந்தால் போரின் ஓய்வு நேரம் வீட்டாருக்குத் தெரியாது.

நீர்மட்டம் இறங்கியிருந்தால், பம்பும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 150 அடியிலிருந்து ஏற்றுவதற்காக வாங்கிய பம்ப், 300 அடியிலிருந்து அதே அளவு நீரைத் தராது. பம்பின் தகட்டில் எத்தனை மீட்டர் உயரத்துக்கு எத்தனை லிட்டர் என்று பொறித்திருப்பார்கள். நீர்மட்டத்தின் ஆழத்தோடு தொட்டியின் உயரத்தையும் கூட்டி, அதனுடன் ஒப்பிட வேண்டும். மோட்டாரை இன்னும் கீழே இறக்குவதாக இருந்தாலும் போரின் அடிச் சேற்றில் உட்காரும்படி விடக் கூடாது. வெடிப்புகளில் மண் அடைத்திருந்தால், கம்ப்ரசர் கொண்டு ஊதிச் சுத்தம் செய்வதும் பலன் தரலாம்.

புதுப் போர் தேவையானால்

இத்தனைக்குப் பிறகும் நீர் போதாது என்று அளவுகள் காட்டினால், புதுப் போரைப் பற்றி எண்ணலாம். ஆனால் ஆழம் கூடினால் நல்ல நீர் என்று நினைக்கக் கூடாது. தருமபுரி மாவட்டத்தில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பது தெரிந்ததே. 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே இக்குறையைத் தீர்ப்பதற்காக ஏற்பட்டதுதான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருந்தால் அந்த நீரைக் குடிக்கக் கூடாது. கொதிக்க வைத்தாலும் அது போகாது. எனவே புதுப் போரின் நீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதித்த பின்னரே குடிக்க வேண்டும்.

கைவிடும் போரை மண்ணும் கல்லும் கொண்டு அடியிலிருந்து மேல்வரை மூடிவிட வேண்டும். 2019 அக்டோபரில் திருச்சி மாவட்டம் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், பயன்படாத போரில் விழுந்து இரண்டு வயதுக் குழந்தை இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. சாக்குப் பையும் கல்லும் மூடி ஆகாது.

மழை நீரைச் சேர்த்தல்

இருக்கும் போருக்கு நீர் சேர்ப்பது எல்லாவற்றையும்விட மலிவு. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. ஆயிரம் சதுர அடிக் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 1800 லிட்டர் நீர் விழுகிறது. முதல் மழையில் கூரை கழுவிய நீரை வெளியே விட்டு, பின் வருவதைக் கூழாங்கல், மணல் நிரப்பிய குழி வழியே வடித்து மண்ணுக்குள் விட வேண்டும். வடிகட்டாத நீரையோ, மாட்டுத் தொழுவத்தின் அருகே ஓடும் நீரையோ நேராகப் போருக்குள் விடக் கூடாது; குடிநீர் கெட்டுவிடும்.

சுவரில் ஒரு குறிப்பு

சுவிட்சுப் பெட்டியின் அருகில் ஒரு அட்டையை மாட்டி வைப்பது நல்லது. எல்லாம் சரியாக இருக்கும் நாளில் தொட்டி நிறையும் நேரம், வாளி நிறையும் வினாடி, வோல்டேஜ், ஆம்பியர், யூனிட், நீர்மட்டம் ஆகிய ஆறையும் தேதியுடன் அதில் எழுத வேண்டும். ஐப்பசி மழைக்குப் பின் ஒரு முறையும் பங்குனியில் ஒரு முறையும் எழுதி வந்தால் போதும். நீர் குறையும் நாளில் அந்த அட்டையோடு ஒப்பிட்டால், எது மாறியிருக்கிறது என்பது மெக்கானிக் வருவதற்கு முன்பே தெரிந்துவிடும். ரிக் வண்டிக்கு முன்பணம் கொடுக்குமுன் அந்த அட்டையை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.